மூக்கில் பிறக்கும் வகரம்

உன் தையல் மிஷினின் டிராயரை இன்று காலையில்தான் திறந்தேன். உன் அண்ணன் அதைக் குட்டியானை வண்டியில் ஏற்றி சோமனூருக்கு அனுப்பிப் பத்து நாளாகிறது. எங்கள் தறிக் குடோனில் வாசல் பக்கம், வெளிச்சமாக இருக்கட்டும் என்று போட்டு வைத்தேன். போட்டு வைத்தேனே தவிர, கை வைக்க மனம் வரவில்லை. இன்று ஒரு பாபின் தேவைப்பட்டு இழுத்துப் பார்த்தால், உடைந்த ஊசிகள், தேய்ந்த சாக்குக்கட்டி, பிரிக்காத இருமல் மிட்டாய் இரண்டு, அதற்கெல்லாம் அடியில் அந்த நீலத் துணி கிளிப். உள்பக்கம் சைக்கிள் டியூபை வெட்டி நீ ஒட்டிய ரப்பர்த் துண்டுகள் இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

பொய்க்காரி. உக்கடம் பெரியகுளத்தில் வீசிவிட்டேன் என்றுதானே சொன்னாய். எவ்வளவு தூரம் போய் விழுந்தது என்று கையை வீசிக்கூடக் காட்டினாய். நானும் நம்பி, நாலு வருஷமாக அந்தக் குளக்கரை வழியாகப் பஸ் போகும்போதெல்லாம் தண்ணீரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

இன்று வெள்ளிக்கிழமை. பதினோரு மணிக்கு நான் ஈரோட்டுக்காரருக்குப் போன் பேச வேண்டும். நம் துணிப்பைகளை மொத்தமாக எடுக்கும் அதே மனிதர்தான். தை பிறப்பதற்கு முன்னால் அவர் தரும் ஆர்டரை நம்பித்தான் கோட்டைமேட்டில் உன் சந்துப் பெண்கள் பதினான்கு பேர் மிஷினைத் துடைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இன்றைக்குள் பேச்சு முடியாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக அவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். பேசப்போவது நான். நாற்பது வயதில், முன்பின் தெரியாத ஒருவரிடம் போனில் ஒரு வார்த்தை பேசியிராத நான். இது எவ்வளவு பெரிய காரியம் என்று உன்னைத் தவிர வேறு யாருக்கு விளங்கும்? மணி ஒன்பதேகால் ஆகிறது. பதினொன்று ஆகிற வரைக்கும் உன்னோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

நீயும் நானும் மேலண்ணத்தில் ஓட்டையோடு பிறந்தவர்கள். உதட்டில் ஒன்றும் இல்லாததால் முகத்தைப் பார்த்து யாருக்கும் தெரியாது. வாயைத் திறந்தால்தான் தெரியும். எனக்கு ஒன்பது வயதிலும் உனக்குப் பதினோரு வயதிலும் ஆபரேஷன் செய்து தைத்தார்கள். தைத்து என்ன செய்ய, மூச்சு அதற்குள் மூக்கு வழியே போய்ப் பழகிவிட்டது. நாம் ‘ப’ சொன்னால் அது ‘ம’ பக்கம் சாயும். ‘ச’ மூக்கில் சீறும். ‘வ’ பாதி வாயிலும் பாதி மூக்கிலும் பிறக்கும்.

பள்ளிக்கூடத்தில் நான் ‘உள்ளேன் ஐயா’ சொன்னதே கிடையாது. கையைத் தூக்குவேன். பத்தாவது முடித்ததும் அப்பாவின் தறிக் குடோனுக்குள் போனவள், அங்கேயே சொர்க்கத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். எட்டு விசைத்தறி ஓடும் இடத்தில் யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. எல்லாரும் உதட்டை அசைத்து, கையைக் காட்டித்தான் பேசுவார்கள். ஊடை நூல் தீர்ந்தால் இரண்டு விரல், இழை அறுந்தால் ஒரு வெட்டு, டீ வந்துவிட்டால் கட்டைவிரல். அந்தப் பாஷையில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. கல்யாணமும் அப்படித்தான் அமைந்தது. என் வீட்டுக்காரர் எங்கள் குடோனில் தறி ஓட்ட வந்தவர். ஆறு மாதம் என்னோடு தறிச் சத்தத்துக்குள் ‘பேசி’விட்டு, அப்புறம்தான் வெளியில் என் குரலைக் கேட்டார். அதற்குள் காரியம் கைமீறிவிட்டது.

உன் கதை நேர் எதிர். டவுன்ஹால் பக்கத்தில் உன் அத்தாவுக்குக் குடை ரிப்பேர்க் கடை. நீ அதன் வாசலில் நின்று, போகிற வருகிறவர்களையெல்லாம் “வாங்க வாங்க” என்று கூப்பிட்டுக்கொண்டே வளர்ந்தவள். சிலர் சிரிப்பார்கள், சிலர் பாவம் என்பார்கள். குடையை நீட்டிவிட்டு அவர்கள் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்பாய். உன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் உன் ஒரு “வாங்க”வைக் கேட்டதும் டீயைக்கூட முடிக்காமல் எழுந்த கதையை, எழுந்தவரின் வேட்டி நாற்காலியில் மாட்டியது உட்பட, நீயே நடித்துக் காட்டுவாய். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பேன். சிரித்து முடித்துப் பார்த்தால் உன் கண் ஈரமாக இருக்கும். சிரித்ததால் என்பாய்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அறையில்தான் நாம் சந்தித்தோம். எனக்கு இருபது, உனக்கு இருபத்தொன்று. அங்கிருந்த மேடத்துக்கு நம்மைவிட மூன்று நான்கு வயதுதான் கூடுதல். ஒரு சின்னக் கண்ணாடியை மூக்குக்குக் கீழே பிடித்து ‘பாப்பா’ என்று சொல்லச் சொல்வார். காற்று மூக்கு வழியே கசிந்தால் கண்ணாடியில் பனி படியும். நான் பயந்து பயந்து சொல்லி, லேசாகப் படிந்ததற்கே அழுதுவிட்டேன். நீ உன் முறை வந்ததும் வேண்டுமென்றே மூக்கால் நன்றாக ஊதி, படிந்த பனியில் விரலால் இரண்டு கண்ணும் ஒரு வாயும் வரைந்து, “மேடம், பாப்பாவே வந்துருச்சு பாருங்க” என்று நீட்டினாய். மேடம் திட்ட வாயெடுத்து, முடியாமல் சிரித்துவிட்டார்.

அந்த மேடம் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். மேஜையில் செங்கல் கனத்துக்கு ஒரு இங்கிலீஷ் புத்தகம் இருக்கும். ஒரு நாள் நாம் உள்ளே போனதும், “உங்க ரெண்டு பேருக்கும் ஒரு சேதி வெச்சிருக்கேன்” என்றார். ஆப்பிரிக்காவில் ஒரு பாஷை இருக்கிறதாம். அதில் வகரத்தை வாயும் மூக்கும் சேர்த்துச் சொல்வார்களாம், நாம் சொல்வது போலவே. அது அங்கே குறையில்லையாம். தனி எழுத்தாம். உலகத்து பாஷைகளிலேயே ரொம்பவும் அபூர்வமாம்.

நீ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். “அங்க ஒரு கொழந்தைக்கு அது வரலீன்னா என்ன பண்ணுவாங்க மேடம்?”

“சொல்லிக்குடுப்பாங்க.”

“கண்ணாடியில பனி படியலீன்னா, ஐயோ இந்தப் புள்ளைக்கு மூக்குல காத்தே வரமாட்டேங்குதுன்னு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுவாங்களா?”

மேடம் அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அன்று பயிற்சியே நடக்கவில்லை. டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் நீ கண்டக்டரிடம், “ஏனுங்க, இது அபூர்வமான எழுத்துங்க, காசு குடுத்தாலும் கெடைக்காதுங்க” என்று சொல்லி, உன் வகரத்தை அவருக்கு இரண்டு முறை சொல்லிக் காட்டினாய். அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. “அதனால நமக்கு என்ன? நாம ஆப்பிரிக்காவுக்கா போகப் போறோம்?” என்றேன்.

“போகாட்டி என்ன அம்மணி. எங்கியோ ஒரு ஊர்ல ஒரு அம்மா தன்ற புள்ளைக்கு இதக் கொஞ்சிக் கொஞ்சிச் சொல்லிக்குடுக்கறா. எனக்கு அது போதும்.” அப்புறம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, “நம்ம ஊர்க்காரங்க வீட்ட ‘ஊடு’ன்னு சொல்லி, அதுல ஒரு வ இருக்கறதையே மறந்தவிங்க. அதையே முழுங்கிப்போட்டு, நம்ம வகரத்தக் குத்தம் சொல்றாங்களாமா” என்றாய். முன் சீட்டுப் பெரியவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். உன் லொள்ளை ரசிக்கத் தெரிந்த அவரும் கோயமுத்தூர்க்காரர்தான்.

பயிற்சியில் கொஞ்சம் தேறினோம். முழுக்க வராது என்று மேடம் மறைக்காமல் சொல்லிவிட்டார். நான் குடோனுக்குத் திரும்பினேன், நீ குடைக்கடைக்குத் திரும்பினாய். மாதம் ஒரு முறை நான் கோயமுத்தூர் வருவேன்.

பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்த வருஷம், நீ முன்னறிவிப்பில்லாமல் சோமனூர் பஸ் ஏறி வந்து குடோன் வாசலில் நின்றாய். தறிச் சத்தத்தில் நீ கத்தியது கேட்கவில்லை. கையால் ஒரு பையை வரைந்து காட்டினாய், தறியில் இறங்கிக்கொண்டிருந்த காடாத் துணியைக் காட்டினாய், என்னைக் காட்டினாய், உன்னைக் காட்டினாய். நான் தலையாட்டினேன். நம் தொழில் ஆரம்பித்தது அப்படித்தான். துணி என் தறியில், தையல் உன் சந்தில், பேச்சு முழுக்க உன் தலையில்.

பேச்சுக்குத்தான் இந்தக் கிளிப். மூக்கைப் பிடித்துக்கொண்டால் காற்று வாய் வழியே வந்து நம் ‘ப’வும் ‘ச’வும் சுத்தமாக விழும் என்பது மேடத்தின் அறையிலேயே நமக்குத் தெரியும். எழுத ஒரு கை, போனுக்கு ஒரு கை போனபின் மூக்குக்குக் கை ஏது? கிளிப்பை மாட்டிக்கொண்டாய். ஆனால் ‘ம’வும் ‘ன’வும் அடைத்துக்கொண்டு, சளி பிடித்தவள் பேசுகிற மாதிரி இருந்தது. அதனால் என்ன என்று, ஈரோட்டுக்காரரிடம் முதல் நாளே “சளிங்க” என்று சொல்லிவிட்டாய். அந்தச் சளி மூன்று வருஷம் இருந்தது.

“ஏனுங்க அம்மணி, இன்னுமா சளி உடல? ஆவி புடிச்சுப் பாத்தீங்களா?” என்று கேட்பார். அடுத்த முறை தூதுவளை. அதற்கடுத்து சுக்குக் காப்பி. கடைசியில் மனிதருக்குப் பொறுக்க முடியாமல், ஒரு நாள் லாரி ஆபீஸுக்கு ஒரு பார்சலே வந்து இறங்கியது. விரலி மஞ்சள், சுக்கு, பனங்கற்கண்டு, எதை எத்தனை வேளை என்று எழுதிய ஒரு சீட்டு. நீ அதைப் பார்த்ததும் சிரிக்கவில்லை. “இவ்ளோ நல்ல மனுசன ஏமாத்தறமே” என்றாய். ஆனாலும் அந்த மஞ்சளைப் பாலில் போட்டு, தைக்க வருகிற அத்தனை பேருக்கும் ஒரு வாரம் காய்ச்சிக் கொடுத்தாய்.

அதற்கு அடுத்த மாதம் அவர் சொல்லாமல் கொள்ளாமல் கோட்டைமேட்டுக்கே வந்துவிட்டார். நான் அன்று துணிக் கட்டோடு அங்கே இருந்தேன். நீ கதவைத் திறந்து “வாங்க” என்றாய். கிளிப் இல்லை. அவர் உன்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, உன் அண்ணனிடம், “போன்ல பேசற அம்மணி எங்கீங்க? பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்” என்றார். உன் அண்ணன் நல்லவர். தங்கைக்கு ஒரு அவமானம் வரக்கூடாது என்று நினைக்கிற நல்லவர். “வெளிய போயிருக்குதுங்க” என்றார். நீ உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாய். குடித்துவிட்டு, உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொல்லிவிட்டுப் போனார்.

கதவைச் சாத்தியதும் நீ அண்ணனைப் பிடித்துக்கொண்டாய். “நான் ஊட்டுக்குள்ள நிக்கறப்பவே என்னைய வெளிய அனுப்பிப்போட்டியே.”  நீ அங்கேயே, எல்லார் முன்னாலும், கிளிப் மாட்டாமல் ஈரோட்டுக்காரரின் செல்லுக்குப் போன் போட்டாய். அவர் பஸ் ஸ்டாண்டுகூடப் போய்ச் சேர்ந்திருக்க மாட்டார். யாரோ தெரியாத ஆள் என்று வைத்துவிட்டார். மறுபடி போட்டாய். “கேக்கலீங்க” என்று வைத்தார். உன் அண்ணன் போனை வாங்கக் கையை நீட்டினார், நீ கையைத் தட்டிவிட்டாய். நாலாவது முறை அவர் வைக்கவில்லை. “நாந்தானுங்க அது. எனக்குச் சளி இல்லீங்க. என்ற பேச்சே இப்படித்தானுங்க” என்று நீ சொன்னது எனக்கு ஒவ்வொரு எழுத்தாக ஞாபகம் இருக்கிறது.

 அப்புறம், “டீ குடுத்தது நீங்கதானுங்களா?” என்றார். ஆமாம் என்றாய். “அப்ப அத்தன சுக்கும் வீணாப் போச்சா” என்றார். நீ சிரித்த சிரிப்பில் மிஷின்கள் நின்றுபோய்விட்டன.

அதற்குப் பிறகு நீ மாட்டவே இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். டிராயரில் வைத்திருந்தாய் என்று இப்போது தெரிகிறது. ஒத்துவராத நாளில், புதிய ஆளிடம் பேசும்போது, எடுத்து மாட்டியிருப்பாயோ என்னவோ. கோபம் இல்லை. உனக்கும் பயம் இருந்தது என்பதே இன்றைக்கு எனக்குத் தெம்பாக இருக்கிறது.

என் மேல்தான் எனக்குக் கோபம். “நீ எப்பப் பேசப் போறே?” என்று எத்தனை தடவை கேட்டாய். “நீ இருக்கறப்ப எனக்கென்ன” என்று சொல்லியே காலத்தைத் தள்ளினேன். உன்னோடு நேரில் வாய் ஓயாமல் பேசுவேன். போன் என்றால், நீ கூப்பிட்டாலும் வைத்துவிட்டு, ‘சொல்லு’ என்று எழுதித்தான் அனுப்புவேன். நீ கிட்னி கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரத்திலும் அதையேதான் செய்தேன். நீ கூப்பிட்டாய். பஸ்ஸில் ஆட்கள் இருந்தார்கள். கட் செய்துவிட்டு, ‘பஸ்ல இருக்கேன், சொல்லு’ என்று எழுதினேன். உனக்கு எழுத விரல் ஓடவில்லை போல. மூச்சு வாங்க வாங்க, பேச்சைப் பதிந்து அனுப்பினாய். இரண்டே வார்த்தை. “எழுதாத. பேசு.”

நான் பேசவில்லை. சாயங்காலம் கூப்பிடலாம், வீட்டுக்குப் போய்க் கூப்பிடலாம், நாளைக்கு நேரிலேயே போகலாம் என்று தள்ளிவிட்டேன். மறுநாள் போனபோது உனக்கு நினைவு இல்லை. அதற்கு மறுநாள் நீ இல்லை. உன் மய்யித்தை அடக்கத்துக்கு ஆண்கள் தூக்கியபோது மற்றப் பெண்களோடு நானும் வாசலில் நின்றுவிட்டேன். உன்னை வைத்த இடத்தை இன்றுவரை பார்த்ததில்லை. இதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் எழுதவில்லை.

நீ படுத்திருந்தபோதும் போன பிறகும், ஈரோட்டுக்காரர் கூப்பிட்டதற்கெல்லாம் உன் அண்ணன், “ஊருக்குப் போயிருக்குதுங்க” என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். மறுபடியும் உன்னை வெளியே அனுப்பிவிட்டார். இந்தத் தடவை அவமானத்துக்காக இல்லை. உண்மையைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஈரோட்டுக்காரர் பட்டன் போன்காரர், மெசேஜ் பார்க்கிற பழக்கமில்லை. அந்த அம்மணி பேசட்டும், அவர் சொன்னால்தான் அளவும் தேதியும் சரியாக இருக்கும் என்று ஒரே பிடியாக இருக்கிறார். போன வாரம் உன் அண்ணன் குடோனுக்கு வந்து, “நல்லாப் பேசற பொண்ணு ஒன்னு இருக்குதும்மா, போன் பேசறதையே வேலையாப் பாத்தது. அத வெச்சுக்கலாம்” என்றார். என் வீட்டுக்காரர், “ஏன் இவ சிரமப்படோணும், நானே பேசிப்போடறேன்” என்றார். இரண்டு பேருமே நல்ல மனதோடுதான் சொன்னார்கள். நான் பேசுகிறேன் என்றேன். உன் அண்ணன் என்னைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார். “வெள்ளிக்கெழம பதினோரு மணிக்கு” என்று நாளையும் நேரத்தையும் நானே குறித்துக் கொடுத்தேன். பின்வாங்க வழி இருக்கக்கூடாது என்றுதான்.

கிளிப்பை மாட்டிப் பார்த்தேன், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மாட்டிக்கொண்டு “வணக்கமுங்க” என்று சொல்லிப் பார்த்தேன். வாசலில் நின்ற என் வீட்டுக்காரர், “நல்லாக் கேக்குது கண்ணு” என்றார். கழற்றி டிராயரில் போட்டு மூடிவிட்டேன். உன் செய்தியை அடைத்த மூக்கோடு சொல்ல மாட்டேன். அவருக்குப் புரிகிற வரைக்கும் சொல்வேன். புரியாவிட்டால் ஈரோட்டுக்குப் பஸ் ஏறி நேரில் போய்ச் சொல்வேன். மணி பத்தே முக்கால். தறிகளை நிறுத்தச் சொல்லிவிட்டேன். போகிறேன்.

மதியம் இரண்டு மணி. பேசிவிட்டு வந்து எழுதுகிறேன்.

இரண்டு முறை நம்பரைத் தவறாக அழுத்தினேன். மூன்றாவது முறை அவரே எடுத்தார். பின்னால் லாரியில் மூட்டை ஏற்றும் சத்தம் கேட்டது. “யாருங்க?” என்றார்.

“வணக்கமுங்க. சோமனூர்ல இருந்து பேசறேனுங்க. துணிப்பை விசயமா.”

“அட, அம்மணிங்களா. எங்கீங்க போனீங்க இத்தன நாளா? உங்கண்ணனக் கேட்டா ஊருக்குப் போயிருக்குதுங்கறாரு. ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?”

 உன் குரல் கட்டை, என் குரல் கீச்சு. நம்மைத் தெரிந்தவர்கள் யாரும் மாற்றிச் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த மனிதர் தன் வாழ்க்கையில் மூக்கில் பிறக்கும் வகரத்தை ஒரே ஒருத்தியிடம்தான் கேட்டிருக்கிறார். நான் வணக்கம் என்றதும் அவருக்கு நீயாகிவிட்டேன். அந்த மகிழ்ச்சி அவர் குரலில் அப்படியே தெரிந்தது.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். உன் பெயரில் பேசி, ஆர்டரை வாங்கி, வருஷக்கணக்கில் நீயாகவே இருந்துவிட்டுப் போயிருக்கலாம். நினைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன், நினைத்தேன்.

“இல்லீங்க. நான் அவ இல்லீங்க. அவ தவறிட்டாளுங்க” என்றேன்.

“லைன் சரியில்லீங்களாட்ட இருக்குது. மறுக்காச் சொல்லுங்க.”

“அவ தவறிட்டாங்க. போன மாசம்.”

“என்னங்கம்மா? மூட்டை ஏத்தற சத்தம். சித்த இருங்க.” நடந்து எங்கோ தள்ளிப் போனார். சத்தம் அடங்கியது. “இப்பச் சொல்லுங்க.”

“அவ செத்துப்போயிட்டாளுங்க” என்றேன்.

உன் சாவை நான் அதுவரை யாரிடமும் வாயால் சொன்னதில்லை. எல்லாருக்கும் எழுதித்தான் அனுப்பினேன். என் வீட்டுக்காரரிடம்கூடப் போனை நீட்டிக் காட்டினேன். முன்பின் தெரியாத ஒருவரிடம் என் வாயிலிருந்து போனில் முதலில் போன சேதியே இதுதான், அதுவும் மூன்று தரம். மூன்றாவது தரம் சொல்லும்போதுதான் நீ இனி வரமாட்டாய் என்பது எனக்கே உறைத்தது.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. “நீங்க யாருங்க?” என்று கேட்டார்.

“அவ கூட்டாளிங்க. துணி என்ற தறியிலதானுங்க ஓடுது. இனிமே நாந்தானுங்க பேசுவேன். புரியலீன்னா கேளுங்க, எத்தன தடவ வேணும்னாலும் சொல்றேன்.”

“புரியுதுங்க. நல்லாப் புரியுது” என்றார். “அந்த அம்மணி போன வருசம் என்ன அளவு சொல்லுச்சோ அதையே ஓட்டிருங்க. தேதிய மட்டும் திங்கக்கெழம கூப்புட்டுச் சொல்லுங்க.” வைப்பதற்கு முன்னால், “என்ன ஏமாத்திப்போட்டுப் போயிருச்சே” என்றார். அது என்னிடம் சொன்னது இல்லை.

போனை வைத்துவிட்டு எட்டுத் தறியையும் ஓட்டச் சொன்னேன். அந்தச் சத்தத்துக்கு நடுவில் நின்று வாய்விட்டு அழுதேன். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, பார்க்காதவர் போல அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார்.

அழுது முடித்து, வெளியே வேப்பமரத்தடிக்கு வந்து உன் அண்ணனைக் கூப்பிட்டேன். ஆர்டர் வந்துவிட்டது, பெண்களிடம் சொல்லிவிடுங்கள் என்று சொல்லத்தான். அவர் எடுத்ததும், “அண்ணா, நாந்தானுங்க” என்றேன்.  லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன், போகவில்லை. விஷயத்தைச் சொன்னேன். ஈரோட்டுக்காரரிடம் உண்மையைச் சொல்லிவிட்டதையும் சொன்னேன். அப்போதும் அவர் பேசவில்லை. கோபித்துக்கொண்டார் என்று நினைத்து, “சரிங்கண்ணா, வெச்சர்றேன்” என்றேன்.

“வெக்காத” என்றார். குரல் உடைந்திருந்தது. “வெக்காதம்மா. என்னமாச்சும் இன்னும் சித்த நேரம் பேசு.”

எனக்குப் புரிந்துவிட்டது. நீ போனபின் இந்த மூக்குப் பேச்சை அவர் போனில் கேட்பது இதுதான் முதல் தடவை. என்ன பேசுவது என்று தெரியவில்லை. காடாத் துணி எத்தனை கட்டு கைவசம் இருக்கிறது என்றேன். வண்டி செவ்வாய்க்கிழமை வரும் என்றேன். வாசலில் கிடந்த பூனையைப் பற்றிக்கூடச் சொன்னேன். வாய் வலிக்கிற வரைக்கும் பேசினேன், அவர் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. நாளைக்கும் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்தேன். கூப்பிடுவேன்.